பேக்கப் சர்வரின் கேட்டலாக்

பேக்கப் சர்வரில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. நகலெடுத்த கோப்புகள் ஒன்று. எந்தக் கோப்பு எந்தத் தேதியில் எந்த டேப்பில், எந்த டிஸ்கில் போய் உட்கார்ந்தது என்று குறித்துவைக்கும் டேட்டாபேஸ் மற்றொன்று. இதைக் கேட்டலாக் என்பார்கள். கோப்புகள் பெருகுவது எல்லோர் கண்ணிலும் படும். கேட்டலாக் சத்தமில்லாமல் பெருத்து, ஒருநாள் டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்ற பிறகுதான் ஆள் தேடுவார்கள்.

கேட்டலாக்கின் பருமன் கோப்பின் கனத்தைப் பொறுத்ததல்ல, எண்ணிக்கையைப் பொறுத்தது. 45 ஜிபி வீடியோவுக்கும் கேட்டலாக்கில் ஒரு வரிதான், 2 கேபி கடிதத்துக்கும் ஒரு வரிதான். கெர்ன் சிபால்ட் 2000இல் தொடங்கிய பாக்குலா என்ற திறமூல பேக்கப் மென்பொருளில் ஒரு வரிக்குச் சுமார் 150 பைட் என்று கணக்கு வைக்கலாம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடம் தொழிற்பேட்டைக்கும் நடுவே உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 கணினி, ஒவ்வொன்றிலும் வரைபடம், பில், மெயில் என்று 3 லட்சம் கோப்பு. வாரம் ஒரு முழு பேக்கப். ஒரு கணினிக்கு ஒரு தடவைக்குக் கேட்டலாக்கில் 45 எம்பி. 60 நாள் விவரம் மட்டும் வைத்திருந்தால் 8 பேக்கப், மொத்தம் 7.2 ஜிபி. ஓராண்டு வைத்தால் 46.8 ஜிபி. கணினியும் கோப்பும் கூடவில்லை, நினைவில் வைக்கும் காலம்தான் கூடியது.

பாக்குலா இந்தக் காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது: எதையும் மாற்றாவிட்டால் கோப்பு விவரம் 60 நாள், ஜாப் (ஒரு தடவை ஓடிய பேக்கப்) விவரம் 180 நாள், வால்யூம் (நகல் உட்கார்ந்திருக்கும் டேப் அல்லது டிஸ்க் கோப்பு) 365 நாள். 60 நாள் கழிந்ததும் நகல் அழிந்துவிடாது. ஒற்றைக் கோப்பைப் பொறுக்கி எடுக்கும் வசதிதான் போகும். ஜாப்பை முழுதாக மீட்கலாம்.

இங்கேதான் சட்டத்தின் பெயரால் ஒரு குழப்பம் நுழைகிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு காக்க வேண்டும். மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. உடனே சிலர் எல்லாவற்றுக்கும் 8 ஆண்டு என்று போட்டுவிடுகிறார்கள். டாலி கணக்குக்குத் தேவைப்படும் காலம் பழைய டிராயிங்குக்கு எதற்கு? கணக்குக்கென்று தனி பூல் (வால்யூம்களின் தொகுப்பு) வைத்து, அதற்கு மட்டும் நீண்ட காலம் கொடுத்தால் போதும்.

காலம் கடந்த விவரத்தைக் கேட்டலாக்கிலிருந்து அழிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேட்டலாக் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்தால், வரிகளை நீக்கினாலும் டேட்டாபேஸ் கோப்பு சுருங்குவது அபூர்வம். அதன் சாதாரண வாக்யூம் கட்டளை, காலியான இடத்தைப் புது வரிகளுக்குத் திறந்துவிடும், அவ்வளவுதான். நிஜமாகவே சுருக்க வாக்யூம் ஃபுல் வேண்டும். அது டேபிளைப் பூட்டிவிட்டு மொத்தத்தையும் வேறிடத்தில் எழுதும். அதற்கே டிஸ்கில் இடம் வேண்டும். டிஸ்க் நிரம்பிய பிறகு அந்த வழியும் அடைபட்டுவிடும். இலவசமான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் நெருக்கடி வேறு விதம்: 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் உச்சவரம்பு. அதைத் துணையாகக் கொண்டிருந்த வீம் என்ற பேக்கப் மென்பொருள், 2023இன் 12ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை முதல் தேர்வாக்கியது.

படப்பை, ஒரகடம் பக்கத்துக்கென்றே ஒரு கவலை உண்டு, அது தண்ணீர். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் அடையாற்றுக்குத்தான் போகிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் பேக்கப் சர்வர் இருந்தால் கேட்டலாக்கும் அதோடு முழுகும். டேப் மட்டும் மாடியில் தப்பினால், பாக்குலாவின் பிஸ்கேன் கருவியைக் கொண்டு ஒவ்வொரு டேப்பையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கேட்டலாக்கை மறுபடி கட்ட வேண்டும். நாள்கணக்கில் ஆகலாம். அதனால்தான் பாக்குலாவோடு வரும் மாதிரி அமைப்பிலேயே, இரவு பேக்கப் எல்லாம் முடிந்த பிறகு கேட்டலாக்கையும் பேக்கப் எடுக்கும் ஜாப் ஒன்று இருக்கிறது. 7 ஜிபி என்றால் ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.