குருதி காட்டும் முற்குறிகள்



பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில் அமைந்த உழவர் ஊர் விசுவமடு. அத்தகைய ஊரொன்றில் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவருக்குச் சிற்றிருமல் தோன்றுமாயின், அதனைச் சாதாரணத் தடிமன் என்று ஒதுக்கலாமோ? விடை காண வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1954ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள், பொஸ்ரன் நகரில் ஜோசப் மறே என்னும் அறுவை வைத்தியர், உருவொத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஏனையோர் உடலோ அயல் உறுப்பைப் பகையெனக் கருதி அழிக்க முயலும். அப்பகையைத் தணிக்கும் மருந்துகள் 1960களில் வழக்குக்கு வந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இலும், நம் இலங்கையில் 1985இலும் இச்சிகிச்சை நிறைவேறிற்று.

ஆயின், உறுப்பைக் காக்கும் அம்மருந்தே உடலின் காவலையும் தளர்த்தி விடுகிறது. நுரையீரலிற் கிருமி புகுந்தபோதும் காய்ச்சல் கடுமையாகத் தோன்றாதிருக்கலாம். இருமலும் மெல்லியதாகவே இருக்கலாம். குறிகள் தெளிவுறும் வேளையில் நோய் முற்றியிருத்தலுங் கூடும். ஆகவே வைத்தியர் குருதியை நாடினர்.

அதற்கான வழி முன்னரே திறந்திருந்தது. 1930இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் தில்லெற், பிரான்சிசு என்னும் இருவர், நியுமோனியா நோயாளரின் குருதிநீர் அக்கிருமியின் ‘சி’ என்னும் பொருளோடு சேர்ந்து வீழ்படிவதையும், நோய் தீர்ந்தபின் அவ்வியல்பு மறைவதையும் கண்டனர். இன்று ‘சி.ஆர்.பி.’ என வழங்கும் புரதம் அதுவே. ஈரல் சுரக்கும் இது, அழற்சி தோன்றிய சில மணி நேரத்திலேயே பெருகத் தொடங்கும். 1993இல் புரோகல்சிற்றோனின் என்னும் மற்றொரு குறியும் அறியப்பட்டது. பற்றீரியத் தொற்றில் அது பெரிதும் உயரும். சைற்றோமெகலோ வைரசின் மரபுப்பொருளையோ, நுரையீரல் நலிவதற்கு முன்னரே குருதியிற் கண்டுகொள்ளுதல் இயலும்.

எனினும் இக்குறிகள் தீர்ப்பல்ல, எச்சரிக்கையே. சி.ஆர்.பி. பிற அழற்சிகளிலும் உயரும். சிறுநீரகம் தளர்ந்தாற் புரோகல்சிற்றோனின் தொற்றின்றியும் சற்றுக் கூடும். ஆதலின் மார்புப் படமும் சளிப் பரிசோதனையும் துணையாதல் வேண்டும்.

வட மத்திய மாகாணத்தில் 1990களில் வெளிப்பட்ட காரணந்தெளியாச் சிறுநீரக நோய் வன்னிப் பகுதிகளையும் தொட்டுள்ளது. எனவே இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், சிறு காய்ச்சலோ இருமலோ மூச்சுத்திணறலோ கண்டவுடன், மருந்தைத் தாமாக நிறுத்தாது, அன்றே வைத்தியசாலையை அடைந்து குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும். ஒருநாட் தாமதம் உயிருக்கே உலை வைத்தல் கூடும்.