பதினோரு பக்க சிலபஸும் என் பழைய தப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வருஷம் கலிபோர்னியாவில் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். மருமகள் இங்கே பி.காம். முடித்தவள். இப்போது நர்சிங் படிக்க ஆசை. அதற்குப் புள்ளியியல் வகுப்பு ஒன்று முடித்திருக்க வேண்டும் என்பதால் அந்த ஊர் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்ததும், "மாமா, நீங்க கணக்கு வாத்தியாராச்சே, இதைப் பாருங்க" என்று ஒரு காகிதக் கட்டைக் கையில் கொடுத்தாள். அந்த வகுப்பின் சிலபஸ். 11 பக்கம்.

நமக்கு சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல். இதில் பாடம் இரண்டே பக்கம். மீதி ஒன்பதும் விதிகள். எத்தனை நாள் வராவிட்டால் பெயர் எடுக்கப்படும், வீட்டுப்பாடம் தாமதமானால் எத்தனை மதிப்பெண் குறையும், காப்பியடித்தால் என்ன நடக்கும், ஆசிரியரை எந்த நேரத்தில் பார்க்கலாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும், உடல் குறைபாடு உள்ளவர் யாரிடம் உதவி கேட்க வேண்டும் என்று எல்லாம் எழுதியிருந்தது. 'இது பாடத்திட்டமா, வாடகை ஒப்பந்தமா' என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க, ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். கடைசியில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன? நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் தொழில் பயிற்சி டிப்ளமோ தருபவை. அமெரிக்காவில் அது வேறு. இரண்டு வருஷப் படிப்பு. தொழிலும் கற்கலாம். அல்லது பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை அங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் சேரலாம். முக்கியமான விஷயம், யாரும் சேரலாம். மார்க் பார்ப்பதில்லை, வயது வரம்பில்லை.

இன்று இயங்கும் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் இருக்கிறது. 1901இல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஜே. ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து தொடங்கினார்கள். முதல் மாணவர்கள் ஆறு பேர். பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே வகுப்பு. கல்லூரியின் முதல் இரண்டு வருஷம் பள்ளிப் படிப்பின் தொடர்ச்சிதான், அதைப் பள்ளியோடு வைத்துக்கொண்டால் பல்கலைக்கழகம் உயர் ஆராய்ச்சியில் கவனம் செலுத்தலாம் என்பது ஹார்ப்பரின் எண்ணம். ஆக, இந்தக் கல்லூரி பிறக்கும்போதே அதற்கு இரண்டு நோக்கம். வெளியூர் போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைக்கு உள்ளூரிலேயே ஒரு கதவைத் திறப்பது ஒன்று. பல்கலைக்கழகத்துக்குள் கூட்டம் வராமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டும் இன்றுவரை ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போர் கதவை அகலமாக்கியது. 1944இல் வந்த சட்டம், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுத்தது. ஜனாதிபதி ட்ரூமன் 1946இல் நியமித்த உயர்கல்விக் குழு 1947 டிசம்பரில் அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. மக்களில் குறைந்தது 49 சதவீதம் பேருக்கு 14 வருஷப் படிப்பை முடிக்கும் அறிவுத்திறன் உண்டு என்றது அது. அதுவரை 'ஜூனியர் காலேஜ்' என்று அழைக்கப்பட்டவற்றுக்குக் 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கையால்தான்.

1960இல் கலிபோர்னியா ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு. மற்ற எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ். 1984 வரை அதற்குக் கல்விக் கட்டணமே கிடையாது. எல்லோருக்கும் இடம் என்ற வாக்குறுதி பெரிய விஷயம்தான். ஆனால் யாருக்கு எந்த இடம் என்பதையும் அந்தத் திட்டம்தான் எழுதிவைத்தது.

இப்போது மருமகளின் சிலபஸுக்கு வருகிறேன்.

'வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு, வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும்' என்று அதில் இருந்தது. படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் இந்தப் பழக்கம் எப்படி வேரூன்றியது தெரியுமா? பென்ஷனால்! 1905இல் ஆண்ட்ரூ கார்னெகி என்ற எஃகு முதலாளி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? அன்றைக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும் கல்லூரி என்று போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். எனவே, 14 'யூனிட்' பள்ளிப் படிப்பு முடித்தவரைச் சேர்ப்பதுதான் கல்லூரி என்று அறக்கட்டளை வரையறுத்தது. ஒரு பாடத்தை வருஷத்துக்கு 120 மணி நேரம் படித்தால் ஒரு யூனிட். பென்ஷன் வேண்டுமென்றால் எண்ணித்தானே ஆக வேண்டும்? பள்ளிகள் எண்ணின, கல்லூரிகளும் எண்ணின. மாதாமாதம் பென்ஷன் வாங்கும் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

வருகை விதிக்குப் பின்னால் இருப்பது பணம். கலிபோர்னியாவில் பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு கடந்ததும் 'சென்சஸ்' நாள் வரும். வகுப்புக்கு வராதவர் பெயரை அதற்குள் ஆசிரியர் நீக்கியாக வேண்டும். அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் மாநில அரசு பல வகுப்புகளுக்குப் பணம் கொடுக்கிறது. மத்திய அரசின் உதவித்தொகை வாங்கும் மாணவர் பருவத்தில் 60 சதவீதம் முடியுமுன் விலகினால், அதில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும். அதனால், கடைசியாக எந்தத் தேதியில் வந்தார் என்பது அங்கே பெரிய கேள்வி. நம் 75 சதவீத வருகை ஒழுக்கத்துக்காக என்று நினைத்துப் பழகிய எனக்கு இது புதிது.

'உங்கள் மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் பேச மாட்டேன்' என்று ஒரு வரி. 1974இல் வந்த சட்டம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் படிப்பு விவரங்கள் மாணவருக்குச் சொந்தம். அவர் சம்மதம் இல்லாமல் பொதுவாகப் பிறருக்குச் சொல்லக் கூடாது. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து இல்லாவிட்டால் வகுப்புக்கு வெளியே நிறுத்திய தலைமுறை நாம். எனக்கு அந்த வரியைத் தாண்டவே நேரம் பிடித்தது.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் தேர்வு நேரம் என்ற பத்தியும் சும்மா வந்துவிடவில்லை. 1973இல் சட்டம் வந்தும் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் அரசு கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் சக்கர நாற்காலிகளோடு நுழைந்து, மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே தங்கிப் போராடினார்கள். அந்த மாதக் கடைசியில் கையெழுத்து விழுந்தது. சிலபஸில் அது நாலே வரி.

இனி முக்கியமான இடம். 'யாரும் வரலாம்' என்று சேர்த்துக்கொண்டவர்களை உள்ளே என்ன செய்தார்கள்?

1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் சான் ஹோசே ஜூனியர் காலேஜை ஆராய்ந்து எழுதினார். வந்தவர்களில் பெரும்பாலோர் நான்கு வருஷப் பட்டக் கனவோடு வந்தவர்கள். ஆனால் பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை. யாரும் அவர்களை வெளியே போ என்று சொல்லவில்லை. சேரும்போது ஒரு தேர்வு. மார்க் குறைந்தால் அடிப்படைப் பாடம். பிறகு ஆலோசகருடன் பேச்சு, முன்னேற்றம் தேவை என்று ஒரு கடிதம், அதற்கப்புறம் கண்காணிப்புப் பட்டியல். கடைசியில் மாணவனே 'எனக்கு இவ்வளவுதான்' என்று முடிவுக்கு வந்துவிடுவான்.

இதற்குக் கிளார்க் வைத்த பெயர் 'கூலிங் அவுட்', ஆறவைப்பது. அந்தச் சொல்லை எர்விங் கோஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தார். சூதாட்ட மோசடிக் கும்பல் ஒருவனை ஏமாற்றிப் பணத்தைப் பறித்ததும், கும்பலில் ஒருவன் மட்டும் அவனோடு தங்குவானாம். தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வான். ஏமாந்தவன் போலீசுக்குப் போகாமல் இருப்பதற்காக. கல்லூரியில் அந்த வேலையை நல்ல மனசுள்ள ஆசிரியர்களே செய்கிறார்கள் என்பதுதான் இதில் சங்கடம்.

ஆறவைக்கும் வேலையில் அடிப்படைப் பாடங்களுக்குப் பெரிய பங்கு. கணக்கில் மூன்று படி பின்தங்கியவன் என்று தேர்வு சொன்னால், கல்லூரிக் கணக்குக்கு வருமுன் மூன்று வகுப்புகளைத் தாண்ட வேண்டும். அவற்றுக்குப் பட்டத்தில் மதிப்பும் இல்லை. கேட்க நியாயமாக இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒவ்வொரு வகுப்பிலும் 100க்கு 75 பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த வகுப்பில் சேருகிறார்கள் என்று வையுங்கள். இரண்டும் நல்ல விகிதம்தான். 100 பேர் தொடங்கினால் 75 பேர் தேறுவர். 60 பேர் அடுத்த வகுப்புக்கு வருவர். அங்கே தேறுபவர் 45. மூன்றாம் வகுப்புக்கு 36 பேர், தேறுபவர் 27. கல்லூரிக் கணக்கில் சேருபவர் 22. அதில் தேறுபவர் சுமார் 16! எந்த ஆசிரியரும் தப்பு செய்யவில்லை. ஆனால் 84 பேரைக் காணோம்.

அமெரிக்காவில் ஆய்வாளர்கள் உண்மையான மாணவர் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதும் இதே கதைதான். வகுப்பில் தோற்று நின்றவர்களைவிட, அடுத்த வகுப்பில் சேராமலே நின்றுபோனவர்கள்தான் அதிகம். வேலை, குழந்தை, பஸ், வாடகை என்று இடைவெளியில் ஏதோ ஒன்று வந்துவிடும். நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் உட்காரவைத்திருந்தால் தேறியிருக்கக்கூடிய பலரையும் அந்த ஒருநாள் தேர்வு கீழே தள்ளியிருந்தது.

அதன் பிறகுதான் மாற்றம். 2013இல் ஃபுளோரிடா, பெரும்பாலான மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம் கட்டாயமில்லை என்றது. 2017இல் கலிபோர்னியா சட்டம் போட்டது: பள்ளி மதிப்பெண்களைப் பார், கல்லூரிப் பாடத்தில் தேற வாய்ப்பு மிகவும் குறைவு என்று காட்ட முடிந்தால் ஒழியக் கீழே தள்ளாதே. உதவி தேவைப்பட்டால் அதே பருவத்தில், அந்தப் பாடத்தோடு சேர்த்தே துணை வகுப்பு கொடு. 2019இல் இது முழுதாக நடைமுறைக்கு வந்தது. மருமகளின் சிலபஸில் 'துணை வகுப்பு' என்றிருந்த அரைப் பக்கம் இதுதான். எல்லா ஆசிரியரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அஸ்திவாரம் இல்லாமல் உட்காரவைத்தால் தோல்வி கூடும் என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. முதல் முறையே தோற்பவர்கள் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. ஆனால் ஒரு வருஷத்துக்குள் கல்லூரிக் கணக்கைத் தேறியவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பெரிதாக உயர்ந்தது.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் வேலை பார்த்த பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எடுப்போம். அவர்களுக்குத் தனியாக உட்கார இடம், தனி அட்டவணை. கணக்கில் நான் அவர்களுக்குக் கொடுத்தது ஜியாமெட்ரி, கிராஃப், கொஞ்சம் இரண்டு மார்க் கேள்விகள். அப்போது ஜியாமெட்ரியும் கிராஃபும் போட்டால் 20 மார்க் உறுதி. மீதி 15 எப்படியும் வந்துவிடும். அல்ஜீப்ரா பக்கமே அழைத்துப் போகவில்லை. "உனக்கு எதுக்குப்பா அது, பாஸானா போதும்" என்று தோளில் தட்டிக்கொடுத்திருக்கிறேன். என் பாடத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டினேன். பாராட்டும் வாங்கினேன்.

சில வருஷம் கழித்து அந்தப் பட்டியலில் இருந்த ஒரு மாணவனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். வயரிங் வேலை எடுத்துச் செய்கிறான். பாலிடெக்னிக்கில் சேர்ந்து, முதல் வருஷக் கணக்கில் அரியர் விழுந்து, விழுந்து, விட்டுவிட்டானாம். கோபமே இல்லாமல்தான் சொன்னான். "எல்லாம் அல்ஜீப்ரா சார். நமக்கு அதை நடத்தலையே சார்." எனக்கு இலையில் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்று பரிமாறினான்.

அவனை நான் திட்டியதில்லை, அடித்ததில்லை. அவனிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவுதான். அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.

மருமகள் அந்தப் பருவத்தில் புள்ளியியலில் 'பி' கிரேடு வாங்கினாள். வாரத்தில் இரண்டு மாலை துணை வகுப்புக்கும் போனாள். குழந்தையை நான் பார்த்துக்கொண்டேன்.

இப்போதும் பள்ளியில் இருக்கும் ஆசிரியர்கள் பலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். தேர்ச்சி விகிதத்துக்காக உங்களுக்கு வரும் நெருக்கடி எனக்குத் தெரியும். ஜியாமெட்ரி, கிராஃப் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளை மற்றவர்களோடு உட்காரவைத்து, வாரத்தில் இரண்டு பீரியட் அல்ஜீப்ராவும் நடத்துங்கள். என் பட்டியலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போதும் கற்க விருப்பம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கிறேன்.