நாலு தந்தி போதாது எண்டவர்

கிற்றாருக்கு ஆறு தந்தி, பேஸ் கிற்றாருக்கு நாலு. ஏன் எண்டு நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. மேடையில் பார்க்கிறோம், நாலு இருக்கு, சரி எண்டு விட்டுவிடுகிறோம். 1970களில் நியூயோர்க்கில் ஒருவர் அப்படி விடவில்லை. கேள்வியையும் கேட்டு, அதுக்கான பதிலை மரத்தில செய்து தரச்சொல்லி ஒரு பட்டறைக்கும் போனார். அவர் அன்ரனி ஜக்சன். பட்டறைக்காரர் கார்ல் தொம்சன். ஒருவர் தனக்கெண்டு ஒரு கருவி செய்விக்கப் போன கதைதான் இது. ஆனால் அந்தக் கருவி சரியாக வந்து சேர பத்து வருசத்துக்கு மேல் பிடித்தது. இடையில மூன்று பட்டறைகள் வந்து போயின.

முதலில் அந்த நாலு எங்கிருந்து வந்தது எண்டு பார்ப்போம். 1951இல் கலிபோர்னியாவின் ஃபுலர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' எண்ட கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஃபெண்டர் கிற்றார் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. வானொலிப் பெட்டி திருத்திக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்து நடனக் குழுக்களில் டபிள் பேஸ் வாசித்தவர்களுக்கு இரண்டு தலையிடிகள் இருந்தன. கருவி ஆள் உயரத்துக்கு மேல், வாகனத்தில் ஏற்ற ஏலாது. ஏற்றிக்கொண்டு போனாலும் ட்ரம்ஸ் சத்தத்துக்குள்ள கேட்காது. ஃபெண்டர் அதைக் கிற்றார் அளவுக்குச் சுருக்கி, மின்சாரத்தைக் கொடுத்து, விரல் வைக்கிற இடம் பிசகாமல் இருக்க ஃபிரெட் கம்பிகளையும் பதித்தார். 'பிரிசிஷன்' எண்ட பெயரே அந்த ஃபிரெட்டுகளால் வந்ததுதான். தந்திகளை மட்டும் டபிள் பேஸில் இருந்தபடியே விட்டார். ஈ, ஏ, டி, ஜி. வாங்கப் போகிறவர்களின் விரல்களுக்குப் பழகியது அது. நல்ல வியாபார முடிவு எண்டுதான் சொல்லவேணும். ஆனால் அந்த வியாபார முடிவு பிறகு இயற்கை விதி மாதிரி ஆகிவிட்டது.

ஜக்சனின் வாதம் இந்த இடத்திலதான் தொடங்குகிறது. பேஸ் கிற்றார் கிற்றார் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தில் ஆகத் தாழ்ந்த குரல் அதுக்குத்தான், அப்படியெண்டால் மற்றக் கிற்றார்களைப் போல அதுக்கும் தொடக்கத்திலிருந்தே ஆறு தந்தி இருந்திருக்க வேணும் எண்டார். டபிள் பேஸ் வாசித்தவர்களின் வசதிக்காக வந்த எண்ணிக்கையைக் கிற்றார் ஏன் காலம் முழுக்கச் சுமக்கவேணும்?

ஆறு தந்திப் பேஸ் அதுக்கு முதலும் இருந்ததுதானே எண்டு விசயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருந்தது. டான்எலெக்ட்ரோ 1956இல் ஒன்றைச் செய்தது, ஃபெண்டர் 1961இல் 'பேஸ் VI' ஐக் கொண்டுவந்தது. ஆனால் அவை சாதாரணக் கிற்றாரை ஒரு எட்டுச்சுரம் கீழே இறக்கியவை. ஆக அடியில் இருந்தது அதே ஈ தான். தந்திகள் கிற்றாரில் இருப்பது போல நெருக்கமாக இருந்ததால், பெரும்பாலும் கிற்றார் கலைஞர்களே வாசித்தார்கள். ஜக்சன் கேட்டது வேறு. நாலு தந்திக்குக் கீழே ஒரு தாழ்ந்த பி, மேலே ஒரு உயர்ந்த சி. பி, ஈ, ஏ, டி, ஜி, சி. அதோட பேஸ் வாசிக்கிற விரலுக்குத் தேவையான இடைவெளியும் இருக்கவேணும்.

யார் இந்த ஆள்? 1952இல் நியூயோர்க்கில் பிறந்தவர். தன்னை உருவாக்கியவர்கள் எண்டு அவர் சொல்லும் மூன்று பெயர்களைக் கேட்டால் கொஞ்சம் தலைசுற்றும். மோட்டவுன் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஜெஃபர்சன் எயார்பிளேன் குழுவின் ஜக் கசாடி, பிரான்சு தேசத்துத் தேவாலய ஓர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஒலிவியே மெசியன். ஓர்கனைக் காலால் மிதித்து வாசிக்கும்போது தரை அதிருமே, அந்த ஆழத்தை நினைத்துக்கொண்டு ஈ தந்திக்கு வந்தால் அது பாதி வழியில் நிற்பது போலத்தான் தெரிந்திருக்கும்.

ஓஜேய்ஸ் குழுவின் 'ஃபோர் த லவ் ஒஃப் மணி' பாட்டு தொடங்கும்போது வருகிற அந்தப் பேஸ் ஜக்சனுடையதுதான். 1973இல் வந்த 'ஷிப் அஹோய்' இசைத்தட்டில் இருக்கிறது. அப்போது அவருக்கு இருபத்தொரு வயசு அளவில், அதாவது எங்கட வயசு. (தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீங்கோ. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இந்தத் தாழ்ந்த ஒலியை ஒழுங்காகத் தர ஏலாது. ஹெட்ஃபோன் போடுங்கோ.) அந்தப் பாட்டை எழுதியவர்கள் எண்டு மூன்று பெயர்கள் உண்டு. கென்னத் கம்பிள், லியோன் ஹஃப், அன்ரனி ஜக்சன். ஸ்ரூடியோவுக்குக் கூலிக்கு வந்து பேஸ் வாசித்துவிட்டுப் போகிற ஒருவருக்குப் பாட்டாசிரியர் பங்கு கிடைப்பது மிக அரிது. இந்தப் 'பங்கு' விசயத்தை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு திரும்ப வரும்.

சரி, தாழ்ந்த பி வேணும் எண்டால் ஒரு தந்தியைக் கூடக் கட்டினால் போதாதா? போதாது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நண்பர்கள் இருந்தால் சுரமானிப் பரிசோதனையை ஞாபகப்படுத்தச் சொல்லுங்கோ. ஈ தந்தியின் மீடிறன் சுமார் 41 ஹேர்ட்ஸ், பி சுமார் 31 ஹேர்ட்ஸ். நீளமும் இழுவையும் மாறாமல் அந்த அளவுக்கு இறங்க, தந்தியின் திணிவு ஏறக்குறைய 1.8 மடங்காக வேணும். தந்தி அவ்வளவு தடிச்சால் விறைக்கும், விறைச்சால் மேற்சுரங்கள் பிசகி ஒலி சேறு மாதிரி ஆகும். தடிப்பைக் குறைத்து இழுவையைத் தளர்த்தினால் தந்தி சோர்ந்துபோய் ஃபிரெட்டில் அடிபடும். அந்த நேரம் இப்படி ஒரு கருவிக்கெண்டு ஆறு தந்திகள் கட்டிய செற் கடையில் தொங்கவும் இல்லை. கழுத்தின் பாடு வேற. ஆறு பேஸ் தந்திகள் சேர்ந்து இழுக்கிற இழுவை ஒரு பெரிய ஆளின் நிறைக்கு மேல் வரும். அகலமான, ஆனால் கைக்குள் அடங்கவேண்டிய மரக்கழுத்து ஒன்று அதை வளையாமல் வருசக்கணக்கில் தாங்கவேணும்.

ஆகவே தொழிற்சாலைகள் இதைச் செய்யப்போவதில்லை. ஒருவருக்காக அச்சை மாற்றுவது எந்தக் கம்பனிக்கும் கட்டுப்படியாகாது. இப்படியான வேலைக்குத் தனி ஆளாகப் பட்டறை வைத்திருப்பவர் வேணும், அவரை 'லூதியர்' எண்டு சொல்வார்கள். லூட் எண்ட பழைய தந்திக்கருவியைச் செய்பவர் எண்டதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் முதல் பொருள். இப்போது கிற்றார், வயலின் எண்டு தந்திக்கருவி செய்கிற எல்லாரையும் குறிக்குது. எங்கட பேச்சில் ஆசாரியார் எண்டால் பிழையில்லை.

கார்ல் தொம்சன் ஒரு ஜாஸ் கிற்றார் கலைஞர். நியூயோர்க்கில் டான் ஆம்ஸ்ட்ரோங்கின் கிற்றார் கடையில் திருத்த வேலை செய்து, பிறகு சொந்தமாகக் கருவி செய்யத் தொடங்கியவர். வாசிக்கிறவனின் விரல் என்ன கேட்கும் எண்டு தெரிந்தவர். ஸ்டான்லி கிளார்க் ஒரு எட்டுச்சுரம் உயர்த்திக் கட்டி வாசித்த 'பிக்கலோ பேஸ்' தொம்சனின் கையால் வந்ததுதான். பிற்காலத்தில் பிறைமஸ் குழுவின் லெஸ் கிளேபூலுக்குப் பல நிற மரத்துண்டுகளை ஒட்டி 'ரெயின்போ பேஸ்' செய்ததும் அவரே. ஜக்சன் கேட்ட ஆறு தந்திக் கருவியை தொம்சன் 1975இல் செய்து கொடுத்தார்.

கருவி வந்தது, ஆனால் சரிவரவில்லை. தந்திகளுக்கு இடையில் இடம் போதவில்லை. ஃபெண்டர் வகைப் பேஸில் பாலத்தடியில் தந்திக்குத் தந்தி சுமார் 19 மில்லிமீற்றர். நாலு தந்திக்கு ஓரத்திலிருந்து ஓரம் 57 மில்லிமீற்றர் வரும், அதே இடைவெளியில் ஆறு தந்தி எண்டால் 95. அவ்வளவு அகலமான கழுத்தை மனிசக் கையால் பிடிக்கமுடியுமா எண்டு அப்போது யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் யாரும் பிடித்துப் பார்த்ததில்லையே. நெருக்கி வைத்தது அந்தக் கணத்தில் நியாயமான முடிவு. அதை தொம்சனின் தவறு எண்டு எழுதுகிறவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. கேட்டவருக்கே தனக்கு எவ்வளவு இடைவெளி வேணும் எண்டது முதல் கருவியை வாசித்த பிறகுதான் விளங்குது. செய்விக்கிற வேலை எல்லாமே இப்படித்தான். கலியாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், முதல் அளவுக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் தோள் இறுக்குது எண்டு வாய் திறப்போம்.

பிறகு சில வருசம் ஜக்சன் பெரும்பாலும் நாலு தந்தியோடயே பிழைப்பு நடத்தினார். ஸ்ரூடியோக் கலைஞருக்கு வேறு வழியும் குறைவு, மணித்தியாலக் கணக்கில் காசு கொடுக்கிற தயாரிப்பாளர் பரிசோதனைக்கு நேரம் தரமாட்டார். ஆனால் எண்ணத்தை விடவில்லை. 1980களின் தொடக்கத்தில் கென் ஸ்மித்திடம் போனார். ஸ்மித்தும் வாசிப்பவர்தான், டபிள் பேஸ்காரர். அவரிடமிருந்து வந்த முதல் ஆறு தந்தியிலும் இடைவெளி பிரச்சினைதான். இரண்டாவதில் நாலு தந்திப் பேஸில் இருப்பது போன்ற அகலம் கிடைத்தது. அதோட ஜக்சன் நாலு தந்தியை மூலையில் வைத்தார். ஆறு தந்தியைக் கொண்டுவராதே எண்டு சொல்கிற வேலை கிடைத்தால் என்ன செய்வது? வாசித்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிற ஒருவருக்கு இது சின்ன முடிவில்லை.

ஸ்மித்தின் கருவிகளில் வேலை செய்த வின்னி ஃபொடேரா, ஜோயி லோரிசெல்லாவோடு சேர்ந்து 1983இல் புரூக்ளினில் தனிப் பட்டறை தொடங்கினார். ஜக்சன் அங்கேயும் போனார். அதுக்குப் பிறகு நடந்தது ஒரு நீண்ட பேச்சுவார்த்தை. ஒரு கருவி வரும், வாசிப்பார், குறை சொல்வார், அடுத்தது வரும். தந்தியின் நீளத்தை வழமையான 34 அங்குலத்திலிருந்து 36 ஆக்கினார்கள். நீளம் கூடினால் அதே தந்தி அதே சுரத்துக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதலான இழுவையில் நிற்கும், அதனால் பி தந்தி சோராது. உடலின் மேற்பகுதியில் வழமையாக வெட்டி எடுக்கிற வளைவை வெட்டாமல், மரத்தைக் கழுத்து வரைக்கும் நீட்டி முட்டுக்கொடுத்தார்கள். 1980களின் கடைசியில் வந்த இந்த வடிவத்தைத்தான் இண்டைக்கு 'சிங்கிள் கட்' எண்டு உலகம் முழுக்கப் பார்க்கிறோம். ஜக்சன் எப்பவும் இருந்தபடிதான் வாசிப்பார், அதனால் தோளில் எப்படித் தொங்கும் எண்ட கவலை இல்லை. ஒரே ஒரு பிக்கப், வொலியூம் குமிழ் கூட வேண்டாம் எண்டுவிட்டார். சத்தத்தைக் காலடியில் இருந்த பெடலால் கூட்டிக் குறைப்பார்.

அப்ப இதைக் கண்டுபிடித்தது யார்? இணையத்தில் தேடினால் 'ஆறு தந்திப் பேஸின் தந்தை' எண்டு ஜக்சனின் பெயர் வரும். அவர் உளியைத் தொட்டவர் இல்லை. தொம்சன்தான் முதலில் செய்தார், ஆனால் அவராக யோசித்தது இல்லை. ஃபொடேராவின் கையில் கருவி முழுமையடைந்தது, அதுவும் வாங்குகிறவர் பொருந்தவில்லை எண்டு திரும்பத் திரும்பச் சொன்னதால். வரலாற்று வகுப்பில் கண்டுபிடிப்பு எண்டால் ஒரு ஆள், ஒரு ஆண்டு எண்டு பாடமாக்கிப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். பாட்டில் மூன்று பெயரைப் போட முடிந்தது. கருவிக்கு அப்படிப் பெயர் போட ஒரு இடம் இல்லை.

இது ஜக்சனுக்கு மட்டும் வந்த யோசனையும் இல்லை. அதே 1970களின் நடுப்பகுதியில் ஜிம்மி ஜோன்சன் எண்ட இன்னொரு பேஸ் கலைஞர் கலிபோர்னியாவின் அலெம்பிக் பட்டறையிடம் ஐந்து தந்திப் பேஸ் ஒன்றைச் செய்வித்து, அதில் தாழ்ந்த பி தந்தியைக் கட்டினார். அலெம்பிக்கும் தொழிற்சாலையாகத் தொடங்கிய இடமில்லை, கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலிக்கருவிகளைத் திருத்தியும் மாற்றியும் கொடுத்த ஆட்கள் சேர்ந்தது. பெரிய கம்பனிகள் பிறகுதான் வந்தன. 1980களின் முடிவிலும் 1990களிலும் யமஹா, ஐபனீஸ் எல்லாம் ஆறு தந்திப் பேஸைத் தொழிற்சாலையில் அடித்து விற்றன. ஐந்து தந்திப் பேஸ் இப்போது எங்கட ஊர் மேடைகளிலேயே புதினமில்லை. ஆனால் ஃபொடேராவிடம் கையால் ஒன்று செய்விக்கப் போனால் பத்தாயிரம் டொலரைத் தாண்டும், எங்கட காசுக்கு முப்பது லட்சம் அளவில். வாங்கிற யோசனையில் நாங்கள் இதை எழுதவில்லை எண்டு சொல்லத் தேவையில்லை.

கேட்கிறதுக்கு எண்டால் மிஷேல் பெட்ருச்சியானி, ஸ்டீவ் காட் ஆகியோரோடு 1997இல் ரோக்கியோவில் பதிவான கச்சேரி இருக்கு. பியானோவுக்கும் ட்ரம்ஸுக்கும் இடையில் ஜக்சன் எவ்வளவு குறைவாக அந்தப் பி தந்திக்கு இறங்குகிறார் எண்டு கவனியுங்கோ. ஹிரோமியின் 2011ஆம் ஆண்டு 'வொய்ஸ்' இசைத்தட்டிலும் அவர்தான்.

ஜக்சன் 2025 ஒக்ரோபரில் காலமானார். உலகம் அவருடைய கருவியை 'சிக்ஸ் ஸ்ட்ரிங் பேஸ்' எண்டுதான் சொல்லிப் பழகிவிட்டது. அவருக்கு அந்தப் பெயரோடு உடன்பாடு இல்லை. ஆறு எண்டு எண்ணிச் சொன்னாலே நாலுதான் வழமை எண்டு ஒத்துக்கொள்வது மாதிரி ஆகிவிடுமே. அவர் கடைசி வரைக்கும் அதை 'கொன்ட்றாபேஸ் கிற்றார்' எண்டே சொன்னார். புரூக்ளின் பட்டறை அவருடைய பெயரில் செய்கிற மொடலுக்கும் அந்தப் பெயர்தான்.