புகை படிந்த குடில்

பின்லாந்து தேசத்துக் குடியானவன் காட்டைத் திருத்திப் புதுக் குடியிருப்பு அமைக்கப் புகுந்தபோது, முதன்முதலாக அவன் மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பியது பெரும்பாலும் வீடாக அன்றி, சவுனா என்னும் வெந்நீராவிக் குடிலாகவே இருந்தது. வீடு எழும்பும்வரை அவன் குடும்பம் அக்குடிலிலேயே தங்கி வடதேசத்துக் குளிரைத் தாங்கியது. வசதி படைத்தோர் இன்று விலைக்கு வாங்கி வீட்டுக்குள் பொருத்திக்கொள்ளும் மர அறையின் பூர்விகம் இதுதான்.

பழைய குடிலுக்குப் புகைபோக்கி கிடையாது. மூலையில் கற்களைக் குவித்து, அடியில் விறகிட்டு அரைநாள் எரிப்பார்கள். புகை அறையெங்கும் சுழன்று, சுவரையும் கூரையையும் கரியாக்கிவிட்டு, கதவு வழியாகவும் சிறு துவாரத்தின் வழியாகவும் வெளியேறும். நெருப்பு அவிந்து, புகை அடங்கி, கற்கள் மட்டும் கனன்று கிடக்கும் வேளையில், மரப்படிகளின் மேல்தட்டில் அமர்ந்து அகப்பையால் நீரை மொண்டு அவற்றின்மேல் வார்ப்பார்கள். சீறி எழும் அந்த ஆவிக்கு லோய்லு என்று பெயர். அச்சொல்லின் ஆதிப்பொருள் உயிர்மூச்சு என்பதாகும். தூரத்து உறவுமொழியான ஹங்கேரியத்தில் அதற்கு இனமான லேலெக் என்னும் சொல் இன்றும் ஆன்மாவையே குறிக்கிறது. கல்லிலிருந்து கிளம்பும் ஆவியை உயிர் என்று அழைத்த ஜனங்கள் அதை வெறும் ஸ்நானமாக எண்ணியிருக்க இயலாது. பூர்ச்ச மரத்தின் இளங்கிளைகளைக் கட்டாக்கி, இரத்த ஓட்டம் பெருகும்படி உடம்பில் தட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டை மேற்குப் பிரதேசத்தார் விஹ்தா என்பர், கிழக்குப் பிரதேசத்தார் வஸ்தா என்பர், இரு சாராருமே தத்தம் சொல்லை விட்டுக்கொடுப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரையில் கிராமத்துப் பெண்கள் பலருக்குப் பிரசவ அறையாக இருந்ததும் இக்குடிலே. கணகணப்பும், வெந்நீரும், ஏகாந்தமும் அங்கே ஒருசேரக் கிடைத்தன. புகையும் வெப்பமும் பட்ட சுவர்கள் வீட்டுச் சுவர்களைவிடச் சுத்தமாகவும் இருந்தன. உயிர் பிரிந்தோரைக் கழுவி இறுதி யாத்திரைக்கு ஆயத்தம் செய்ததும் அங்கேதான். சணல் உலர்த்தல், இறைச்சி புகையூட்டல் முதலிய காரியங்களுக்கும் அது பயன்பட்டது என்றாலும், ஜனனமும் மரணமும் நிகழ்ந்த அவ்விடத்தில் தேவாலயத்தில் இருப்பதுபோல் அடக்கமாக இருக்கவேண்டும் என்றே முதியோர் சிறுவர்க்குக் கற்பித்தார்கள்.

1930களின் இறுதியில் மின்சார அடுப்பு வந்தது. அதன்பின் நகரத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் குடும்பத்துக்கு வாரம் ஒரு முறை என்று நேரம் ஒதுக்கிய பொதுச் சவுனாவும், காலப்போக்கில் வீட்டுக் குளியலறையை ஒட்டிய சிற்றறையும் ஏற்பட்டன. சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சவுனாக்கள் உள்ளன.

சவுனாவின் ஆரோக்கியப் பயனைப் பற்றி விஞ்ஞானமும் பேசத் தொடங்கியிருக்கிறது. கிழக்குப் பின்லாந்தின் குவோப்பியோ வட்டாரத்தில் 2,315 நடுவயது ஆடவரைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2015-இல் வெளிவந்தது. வாரத்துக்கு நான்கு முதல் ஏழு முறை சவுனாவில் அமர்ந்தவர்களிடையே திடீர் இருதய மரணம், ஒருமுறை மட்டும் அமர்ந்தவர்களைவிட மிகக் குறைவாகக் காணப்பட்டது. வெப்பமே இதற்கு ஏக காரணம் என்று இவ்வாராய்ச்சி நிரூபித்துவிடவில்லை. ஆயினும் 80 முதல் 100 பாகை வெப்பத்தில் இரத்தக்குழாய்கள் விரிந்து, நாடித் துடிப்பு உயர்ந்து, வியர்வை பெருகி, பின் ஏரிநீரிலோ குளிர்காற்றிலோ உடல் தணியும்போது நேரும் சாந்தியை, பின்லாந்து மக்கள் ஆராய்ச்சிக்கு வெகுகாலம் முன்னரே அறிந்திருந்தார்கள். அச்சாந்தியில் பாதி வெப்பத்தால் வருவது. மறுபாதி, பேச்சும் அவசரமும் அற்று உட்கார்ந்திருப்பதால் வருவது என்பது என் துணிபு. மின் அடுப்பை வாங்குவோர் அந்த மௌனத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும். இருதய நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் சவுனாவினுள் புகலாகாது, மதுவருந்தியவர் அறவே புகலாகாது.

2020-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் பின்லாந்தின் சவுனா வழக்கத்தை மானிட குலத்தின் கலாசாரச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. தம்பெரே நகரத்தில் 1906-இல் திறந்த ராஜாபோர்த்தி என்னும் பொதுச் சவுனாவில் இன்றும் விறகிட்டே கற்களைக் காய்ச்சுகிறார்கள்.