அம்மாவின் விரல்களும் டாக்டர் ஹெஞ்ச் தேடிய 'எக்ஸ்'-உம்

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. டெர்ம் பேப்பர், குளிர், வாரக் கடைசியில கடை வேலைன்னு வழக்கமான சாக்குகள்தான். இந்த முறை அந்த டெர்ம் பேப்பரே பதிவாகிவிட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

எங்கம்மாவுக்கு ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ். ஊரில் சரவாங்கி என்பார்கள், புத்தகத்தில் முடக்குவாதம். நான் பிறந்து நாலாவது மாசம் ஆரம்பித்ததாம். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது, பால் பாத்திரத்தைத் தூக்க முடியாது. அப்பத்தாவின் தீர்ப்பு உடனே வந்துவிட்டது: "பிள்ளை பெத்த பச்சை உடம்போட பச்சத் தண்ணியில துணி அலசினா வாதம் புடிக்காம என்ன செய்யும்?" அம்மா பத்தியம் கெடுத்தவள் என்பது எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக நிலைத்துவிட்ட வரலாறு. என்னைப் பெற்றதால் வந்த வினை என்ற வகையில் எனக்கும் அதில் ஒரு சின்ன வேஷம் உண்டு.

அம்மா இன்னொன்றும் சொல்வாங்க. "தம்பி வயித்துல இருந்தப்ப ஒரு வலி கிடையாது. குடத்தை இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வந்தேன். அவன் பொறந்து ஒன்றரை மாசத்துல மறுபடி புடிச்சுக்கிச்சு." யாரும் நம்பவில்லை. "அப்படின்னா முன்னாடி வலிவலின்னு கிடந்ததெல்லாம் நடிப்புதானே" என்று அத்தை கேட்டாங்களாம். அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டு முதலில் எழுதியவராகச் சொல்லப்படுபவர் லாந்த்ரே-பொவே என்ற இளம் பிரெஞ்சு மருத்துவர். 1800-இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்தபடி எழுதிய ஆய்வேடு. அது ஏழைப் பெண்களை அடைத்து வைத்திருந்த இடம். அவர் எழுதிய ஒன்பது நோயாளிகளும் பெண்கள். அவர் இதைக் கீல்வாதத்தின் ஒரு வகை என்றே நினைத்தார். இன்றைய பெயரை வைத்தது லண்டனில் ஆல்ஃபிரட் காரட், 1859-இல். ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமாக வருகிறது என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. ஏன் என்பதுதான் கதை.

கதையின் நாயகன் ஃபிலிப் ஹெஞ்ச். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், ராச்செஸ்டர் ஊர், மேயோ கிளினிக். மனுஷர் ஷெர்லக் ஹோம்ஸ் பைத்தியம். அந்தப் பைத்தியம் வேலையிலும் தெரியும் :-)

1929-இல் அவரிடம் வந்த ஒரு நோயாளி, அவரும் ஒரு டாக்டர்தான், தனக்கு மஞ்சள்காமாலை வந்ததும் மூட்டுவலி ஓடிப்போச்சு என்றார். காமாலை நாலு வாரத்தில் போய்விட்டது. வலியோ மாதக்கணக்கில் திரும்பவில்லை. ஹெஞ்ச் இதைத் தற்செயல் என்று தள்ளாமல் அதே மாதிரி ஆட்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார். சேர்க்கச் சேர்க்க இன்னொரு கூட்டமும் கண்ணில் பட்டது: கர்ப்பமானதும் வலி குறைந்து, பிள்ளை பிறந்த சில வாரங்களில் வலி திரும்பிய பெண்கள். 1938-இல் அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

நூலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. எங்கம்மா கிணற்றடியில் சொன்ன அதே வரிசை! வலி, கர்ப்பம், நிம்மதி, பிரசவம், மறுபடி வலி.

ஹெஞ்ச் போட்ட கணக்கு அழகானது. காமாலை ஆணுக்கும் வரும், ஆகவே இது பெண்ணுக்கு மட்டுமேயான ஹார்மோனாக இருக்க முடியாது. கர்ப்பிணிகளுக்குக் காமாலை கிடையாது, ஆகவே பித்தமும் இல்லை. ரெண்டு நிலையிலும் பொதுவாக உடம்பில் ஏதோ ஒன்று கூடுகிறது. அதற்கு 'எக்ஸ் பொருள்' என்று பெயர் வைத்தார். அதே கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரினல் சுரப்பியிலிருந்து சில சேர்மங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் 'ஈ' என்ற ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று ரெண்டு பேரும் 1941-இல் பேசி வைத்தார்கள். சரக்குதான் இல்லை. அப்புறம் போர். கடைசியில் மெர்க் கம்பெனியில் லூயிஸ் சாரெட் அதை மாட்டுப் பித்தநீரிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்து காட்டினார். பித்தம் இல்லை என்று தள்ளிய ஆளுக்கு மருந்து பித்தத்தில் இருந்தே வந்தது!

1948 செப்டம்பர் 21. நோயாளி 29 வயதுப் பெண். கட்டிலைவிட்டு எழவே கஷ்டம். அதற்கு முன்னால் அவருக்குச் செயற்கையாகக் காமாலை வரவழைக்கவும் முயன்று பார்த்திருந்தார்கள், நடக்கவில்லை. ஊசி போட்ட சில நாளில் நடந்தார். ஒரு வாரத்தில் ஊருக்குள் போய் மூணு மணி நேரம் ஷாப்பிங் செய்துவிட்டு வந்தார். அந்த 'ஈ'-தான் கார்ட்டிசோன். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல் பரிசு. பின்னாடியே பக்க விளைவுகளும் வரிசையாக வந்தன: வீங்கிய முகம், தேயும் எலும்பு, தாறுமாறாகும் மனநிலை. எங்கம்மா முகம் ஒரு காலத்தில் ஏன் அப்படி உருண்டையாக இருந்தது என்று பழைய ஃபோட்டோவைப் பார்த்து இப்பத்தான் புரிகிறது.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. கர்ப்பத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வியிலிருந்து மருந்து பிறந்தது. ஆனால் மருந்து வந்தபின் அந்தக் கேள்வி ஓரத்துக்குப் போய்விட்டது. கர்ப்பத்தில் கார்ட்டிசால் கூடுவது உண்மைதான், ஆனால் அது மட்டும் வலி குறைவதை விளக்கிவிடவில்லை.

கேள்வியை மறுபடி கையில் எடுத்ததில் ஒன்று, கருத்தடை மாத்திரை. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் 1968 முதல் ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் முடக்குவாதம் பாதி அளவே இருந்தது என்று 1978-இல் லான்செட்டில் எழுதினார்கள். அப்புறம் வந்த ஆய்வுகள் ஒத்துக்கொண்டும் மறுத்தும் பல வருஷம் சண்டை, இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1993-இல் ஜே. லீ நெல்சனும் குழுவும் எழுதியது. குழந்தையின் திசு அடையாளத்தில் பாதி அப்பாவுடையது. அது அம்மாவுடையதிலிருந்து எவ்வளவு வேறுபட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். வலி குறைந்த 34 கர்ப்பங்களில் 26-இல் வேறுபாடு இருந்தது. குறையாத 12-இல் மூன்றில்தான். அந்நியமான ஒரு உயிரைத் தாங்க உடம்பு தன் எதிர்ப்பைத் தளர்த்தும்போது, தன்னையே தாக்கும் எதிர்ப்பும் தளர்கிறதோ என்னவோ. (எல்லோருக்கும் அப்படி நடக்காது. 2008-இல் வந்த நெதர்லாந்து ஆய்வு, முன்பு நினைத்ததைவிடக் குறைவாக, சுமார் பாதிப் பேருக்குத்தான் நிம்மதி என்றது.)

அப்புறம் அப்பத்தாவின் வழக்கு. மான்செஸ்டரில் ஆலன் சில்மன் குழு 1992-இல் காட்டியது இது: நோய் புதிதாகத் தொடங்கும் அபாயம் பிரசவத்துக்குப் பின்னான முதல் சில மாதங்களில் கூடுகிறது, அதுவும் முதல் பிரசவத்துக்குப் பின். 1994-இல் அதே இடத்தில் தாய்ப்பாலுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றார்கள். ஆனால் 2004-இல் அமெரிக்க நர்ஸ்களிடம் நடந்த பெரிய ஆய்வில், மொத்தமாக ஒரு வருஷத்துக்கு மேல் பால் கொடுத்தவர்களுக்கு வாழ்நாள் அபாயம் குறைவு. முரண் மாதிரித் தெரியும், ஆனால் ஒன்று உடனடி மாதங்களைப் பற்றியது, மற்றது நீண்ட காலத்தைப் பற்றியது. காலத்தைப் பொறுத்தவரை அப்பத்தா சரியாகத்தான் பார்த்திருக்காங்க, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பச்சத் தண்ணிதான் நான் படித்த எந்த ஆய்விலும் குற்றவாளிக் கூண்டில் இல்லை.

நேற்று ராத்திரி அம்மாவிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்த டாக்டருக்கு யாரு சொன்னாங்களாம்?"

"அவர்கிட்ட வைத்தியத்துக்கு வந்த பொம்பளைங்கதாம்மா."

"எந்த வருஷம்னு சொன்ன?"

"1938."

"இரு. அத்தை இங்கதான் கூடத்துல இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், முதல்ல இருந்து சொல்லு."