நாற்பத்தொன்பது: கடல் கொண்ட நாடும் கடலோரச் சாலையும்

மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டதும் உப்பு வந்துவிடாது. உவர்நீரை இறைத்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிட வேண்டும். நீர் எந்தப் பதத்துக்கு வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் கனம், மேலே கோடுகள். குவளையில் நீரை மொண்டு அதில் மிதக்கவிட்டால் டிகிரி தெரியும். கடல்நீர் மூன்று, மூன்றரையில் நிற்கும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பேறும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இங்கே எண்ணில் பிழை வந்தால் அன்றைக்கே பாத்தி காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வரப்பில் நின்றுகொண்டுதான் இந்த ஒப்பீட்டை யோசித்தேன். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. இரண்டையும் 49 என்ற எண் தொட்டுக்கொண்டிருக்கிறது. சாலை, நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் நெடுங்காலம் மாநில நெடுஞ்சாலை 49. கடலோ, சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் கணக்கில் 49 நாடுகளை விழுங்கியது.

ஒரே எண் இரண்டு இடத்தில் தென்பட்டால் நம் மனம் உடனே முடிச்சுப் போடப் பார்க்கிறது. கடைச்சங்கப் புலவர் 49 பேர், வாக்களிக்க விருப்பமில்லை என்று பதிவு செய்வதற்கான 49ஓ விதி, கடல் கொண்ட 49 நாடு என்று அடுக்கி, அதில் ஏதோ மறைபொருள் இருப்பதாகப் பேசுவது எளிது. பெயருக்குள் உட்கார்ந்திருக்கும் எண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு: நீ எதையாவது எண்ணிச் சொல்கிறாயா, அல்லது வெறுமனே கூப்பிடுவதற்கு இருக்கிறாயா?

சாலையின் 49 கூப்பிடும் எண். அதில் 49 ஊர்கள் இல்லை, 49 பாலங்கள் இல்லை. பட்டியலில் அதற்குக் கிடைத்த இடம் அது, அவ்வளவுதான். அந்த எண்ணை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தாலும் சாலைக்கு ஒன்றும் ஆகாது. உண்மையிலேயே அதுதான் நடந்தது. மாமல்லபுரம் – புதுச்சேரிப் பகுதி தேசிய நெடுஞ்சாலையாகி 332ஏ என்ற எண்ணைப் பெற்றது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையிலான 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது ஆவணத்தில் இருந்ததும் இந்தப் புதிய எண்தான். அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம் “இந்த ரோட்டுக்கு நம்பர் என்னங்க ஐயா?” என்று கேட்டேன். “நம்பரா? ஈசிஆர் ரோடுன்னுதாங்க சொல்லுவோம்” என்றார். 49 போனதும் 332ஏ வந்ததும் அவர் பிழைப்பில் ஒரு கல் உப்பைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

ஆனால் கூப்பிடும் எண் எல்லாமே ஊமை என்று தள்ளிவிடவும் முடியாது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் வந்த புதிய முறையில், வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடுவதற்கு ஒற்றைப்படை. மூன்று இலக்கம் இருந்தால் கடைசி இரண்டும் தாய்ச் சாலையைக் குறிக்கும். ஆக 332ஏ என்றால், சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி போகும் 32ஆம் எண் சாலையின் கிளை என்று படித்துவிடலாம். 49ஓவும் இப்படித்தான். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49க்கும் 50க்கும் நடுவே, மின்னணு வாக்குப்பதிவுக்காகப் பிற்பாடு செருகிய விதிகளில் ஒன்று அது. செருக இடம் வேண்டியிருந்ததால் 49உடன் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தார்கள். அந்த முகவரி, தமிழ்நாட்டில் ஒரு எதிர்ப்பின் பெயராகவே ஆகிப்போனது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா பொத்தான் வந்த பிறகும், 2015இல் கவுண்டமணி நடித்த படத்துக்கு அந்த எண்ணே தலைப்பானது.

இனி கடலின் பக்கம். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதைக்கு உரை எழுதும்போது, பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் 700 காவதப் பரப்பு இருந்தது, அதில் இருந்த 49 நாடுகளும் கடலில் போயின என்கிறார் அடியார்க்கு நல்லார். தெங்கு, மதுரை, முன்பாலை, பின்பாலை, குன்றம், குணகாரை, குறும்பனை என்று ஏழு வகை. வகைக்கு ஏழு நாடு. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அந்த உரையோடு அச்சிட்டார். அதன் பிறகு இந்த 49, குமரிக்கண்டம் என்ற பெயரோடு சேர்ந்து பள்ளிப் பாடம், மேடைப் பேச்சு, வரைபடம் என்று எங்கும் பரவியது.

பார்த்தால் இது எண்ணிச் சொன்ன எண். வகை இருக்கிறது, பெயர் இருக்கிறது, கூட்டுத்தொகை சரியாக வருகிறது. ஆனால் அந்தச் சரியில்தான் எனக்குத் தயக்கம். மண்ணும் ஆறும் மலையும் பிரித்த நாடுகள் வகைக்கு ஏழாக, ஒன்று கூடாமல் குறையாமல் அமையுமா? பரப்பும் 700, அதாவது ஏழு நூறு. “ஏழேழு தலைமுறைக்கும் மறக்க மாட்டேன்” என்கிறவரிடம் யாரும் நாற்பத்தொன்பதாவது தலைமுறை எப்போது முடியும் என்று கேட்பதில்லை. ஏழு கடல், ஏழு உலகம், ஊர் ஓரத்தில் ஏழு கன்னிமார் என்று வாழ்கிற மொழி இது. ஏழேழு நாடு போயிற்று என்றால், அளவிட முடியாத அளவுக்குப் போயிற்று என்பதே அதன் நேரான பொருளாக என் காதில் விழுகிறது.

இறையனார் களவியல் உரை தரும் சங்கக் கணக்கும் இதே குணம் கொண்டது. முதற்சங்கத்தில் 549 பேர், இடைச்சங்கத்தில் 59, கடைச்சங்கத்தில் 49. முதலில் பாடினோர் 4449, கடைசியில் பாடினோர் 449. சங்கங்கள் நீடித்த ஆண்டுகள் 4440, 3700, 1850. மூன்றுமே 37ஆல் மீதியில்லாமல் வகுபடும். வருகைப் பதிவேட்டில் இப்படி எண் விழாது. திருவிளையாடற் புராணமோ கடைச்சங்கத்து 49க்கு வேறு விளக்கம் தருகிறது: 48 எழுத்துகள் 48 புலவர்களாகப் பிறக்க, நாற்பத்தொன்பதாவதாக இறைவனே வந்து அமர்ந்தார். நாடுகளின் 49 ஏழை ஏழால் பெருக்கி வந்தது. புலவர்களின் 49 நாற்பத்தெட்டோடு ஒன்றைக் கூட்டி வந்தது. இலக்கியத்துக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இந்த இரண்டுக்கும் உறவில்லை என்றால், சாலைக்கும் நாட்டுக்கும் என்ன உறவு இருக்க முடியும்?

இதைச் சொல்வதால் கடல் எதையும் கொள்ளவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டையின் சுவர்கள் கடலோரம் இடிந்து நிற்கின்றன. 2004 சுனாமியும் அதைச் சிதைத்தது. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் மரக்காணப் பகுதிதான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அந்தப் பட்டினம் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குக் கடல் ஏறிவரும் என்பதற்கு உரையாசிரியரின் சாட்சி தேவையில்லை. இழப்பு ஒன்று, அதைச் சொல்லும் எண் வேறொன்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. சாலையின் 49 பொருளற்றது, ஆனால் யாரையும் ஏமாற்றாது. எண்ணினேன் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. நாட்டின் 49 பொருள் நிறைந்தது. அந்தப் பொருளை விட்டுவிட்டு அதைக் கணக்கெடுப்பாக வாசிக்கும்போதுதான் நாம் தவறுகிறோம். வரைபடத்தில் 49 கட்டம் போட்டுப் பெயர் எழுதுவது உரையாசிரியருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் சொல்லாத ஒன்றை அவர் தலையில் கட்டுவதாகத்தான் அது முடியும்.

ஆகவே பாடநூல் எழுதுவோருக்கும் மேடையில் பேசுவோருக்கும் ஒரு வேண்டுகோள். “குமரிக்கண்டத்தில் 49 நாடுகள் இருந்தன” என்று வெறுமனே எழுதாதீர்கள். “ஏழேழு நாடுகள் கடலில் போயின என்று அடியார்க்கு நல்லார் தம் உரையில் கூறுகிறார்” என்று எழுதுங்கள்.