டாட் இன்: வாங்கின பேரா, வாடகைப் பேரா?

கொஞ்சம் நீளமான இழை நண்பர்களே. இன்னைக்கு மருத்துவம் இல்லை, வரலாறு. ஆனா ஆரம்பிச்சது கிளினிக்ல தான்.

போன மாசம் ஒரு சாயங்காலம். மந்தைவெளியில இருந்து வருஷக்கணக்கா வர்ற ஒரு ரிடையர்டு டீச்சர். பி.பி. பார்த்து முடிச்சதும் தயங்கிக்கிட்டே கேட்டாங்க: "டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மருந்துச் சீட்டுல இருக்கிற வெப்சைட்டைத் தட்டினா சீட்டாட்டம் வருதே?"

தட்டிப் பார்த்தேன். நிஜம்தான். மயிலாப்பூர்ல இருக்கிற என் கிளினிக் பேர், பக்கத்துல டாட் இன். உள்ளே போனா ரம்மி.

நடந்தது இதுதான். பத்து வருஷம் முன்னாடி என் அக்கா பையன் அந்தப் பேரைத் தன்னோட காலேஜ் ஈமெயில் கொடுத்துப் பதிவு பண்ணினான். படிப்பு முடிஞ்சு வெளிநாடு போயிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போயிருக்கு. தவணை முடிஞ்சதும் வேற யாரோ எடுத்துக்கிட்டாங்க. "வாங்கிட்டோம்"னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுதான் நோயே.

சரி, இந்த டாட் இன் யாருடையது? எங்கிருந்து வந்தது? தேடிப் படிச்சேன். அதுல நம்ம ஊருக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கு.

1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் இணையப் பெயர் முறையை வகுத்தார். ஜான் போஸ்டல் அதை நிர்வகித்தவர்களில் முக்கியமானவர். நாடுகளுக்குத் தனித்தனிப் பின்னொட்டு கொடுக்கணும்னு வந்தபோது, எது நாடு, எது நாடு இல்லைங்கிற வம்பே நமக்கு வேண்டாம்னு ஒதுங்கிட்டார்கள். ஐ.எஸ்.ஓ. 3166 என்ற சர்வதேசப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. அதில் இருந்த ஈரெழுத்துக் குறியீடுகளையே எடுத்துக்கொண்டார்கள்.

அதனாலதான் நம்ம வண்டி நம்பர் பிளேட்டில் டி.என். இருந்தாலும், இணையத்தில் டாட் டி.என். துனிசியாவுக்குச் சொந்தம். மாநிலங்களுக்கு அந்தப் பட்டியலில் தனிப் பின்னொட்டு கிடையாது. தமிழ்நாடு அரசே டி.என். டாட் கவ் டாட் இன் என்றுதான் போட்டுக்கணும்.

இந்தியாவுக்கு டாட் இன் கிடைத்தது 1989-இல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டே வராத காலம். அப்போது இங்கே இருந்தது எர்நெட் என்ற கல்வி வலையமைப்பு. 1986-இல் மத்திய மின்னணுத் துறை தொடங்கியது. முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்று நம்ம அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி. மெட்ராஸ். அங்கே இருந்தவர்களின் பழைய ஈமெயில் முகவரி 'எர்நெட் டாட் இன்' என்று முடியும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கும் அப்படித்தான்.

இப்போ ஒரு வேடிக்கை. ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் ஒரே சர்தார் படேல் சாலையில் இருக்கு. ஐ.ஐ.டி. முகவரி டாட் இன்னில் முடியுது. அண்ணா பல்கலை முகவரியோ டாட் எட்யு. அது அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பின்னொட்டு. 2001 அக்டோபரில் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று கதவைச் சாத்தினார்கள். அதற்கு முன்பே உள்ளே வந்தவர்கள் அப்படியே இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பழைய வாடகைக்காரருக்குக் காட்டுற தாட்சண்யம் மாதிரி.

1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. முதல் நாளே இணைப்பு கிடைத்த ஊர்களில் மெட்ராஸும் ஒன்று. கடைக்காரர்களும் கம்பெனிகளும் வெப்சைட் வேணும்னு கிளம்பினாங்க. ஆனா டாட் இன் சுலபமா கிடைக்கலை. மும்பையில் இருந்த என்.சி.எஸ்.டி. என்ற அரசு ஆய்வு நிறுவனம் அதைப் பார்த்துக்கொண்டது. நிபந்தனைகள் கடுமை. 1992 முதல் 2004 வரை மொத்த இந்தியாவுக்கும் பதிவானவை வெறும் 7,000 பெயர்கள்தான். டாட் காமுக்கோ கார்டும் காசும் போதும். தி.நகர் கடைப் பைகளில் எல்லாம் டாட் காம் அச்சாகி இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நாட்டுப்பற்று இல்லாம இல்லை, நாட்டோட கதவு பாதி மூடி இருந்தது.

அந்த டாட் காம் காலத்தில்தான் சென்னையில் இருந்து ஒரு வழக்கு கிளம்பியது. சத்யம் இன்ஃபோவே என்ற சென்னை நிறுவனம், தன் பேரைச் சுருக்கி 'சிஃபி' என்று ஒரு சொல்லை உருவாக்கி, 1999-இல் பல முகவரிகளைப் பதிவு செய்தது. அதே வருஷம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலும் இறங்கியது. 2001-இல் வேறொரு நிறுவனம் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் 'சிஃபிநெட்' என்று ஒரு பேரை எடுத்தது. இது எங்கள் பங்குதாரர்கள் ஐந்து பேரின் முதலெழுத்து என்றது.

பெங்களூரு நகர நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்சநீதிமன்றம் சென்னை நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. இணையப் பெயருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, ஆனாலும் வியாபாரச் சின்னத்துக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கும் உண்டு என்பதுதான் சாரம். இன்றுவரை இந்த வகை வழக்குகளில் வக்கீல்கள் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

அடுத்த வருஷமே கதவும் திறந்தது. நிக்ஸி என்ற லாபநோக்கில்லாத நிறுவனத்திடம் டாட் இன் ஒப்படைக்கப்பட்டது. 2005 ஜனவரியில் வியாபாரச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. பிப்ரவரி 16 முதல் யார் வேண்டுமானாலும் பதியலாம். 7,000 பெயரோடு நின்றிருந்தது, இன்று 30 லட்சத்தைத் தாண்டியாச்சு.

இப்போ என் நோய்க்கு வருவோம்.

தி.நகரில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஹவுஸ் ஓனர் ஒருத்தர், நடுவில் புரோக்கர், அப்புறம் நீங்க. டாட் இன்னுக்கு நிக்ஸிதான் ஓனர் ஸ்தானம். நீங்க பணம் கட்டுற கம்பெனி புரோக்கர். நீங்களும் நானும் குடித்தனம். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும். தவணை முடிஞ்சா சில வாரம் அவகாசம், அப்புறம் அபராதம் கட்டி மீட்க இன்னும் கொஞ்ச நாள். அதுவும் போச்சுன்னா முதலில் கேட்கிறவருக்கு. டாட் காமின் ஓனரோ அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். அங்கே அமெரிக்கக் கோர்ட்டு சொன்னதுதான் சட்டம்.

ஓனர் விதியை மாத்தினா குடித்தனம் காலி பண்ணணும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்ததும், டாட் இ.யு. வைத்திருந்த பல்லாயிரம் பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பேரை இழந்தாங்க. ஒழுங்காப் பணம் கட்டினவங்களும்தான்.

எனக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பு உதவுமா? வக்கீல் நண்பர் சிரிச்சார். என் கிளினிக் பேர் ஒரு சாமி பேர். மயிலாப்பூர்ல அதே பேர்ல மெஸ் இருக்கு, ஜெராக்ஸ் கடை இருக்கு. 'இது என் பேர்'னு நான் எப்படி நிரூபிக்கிறது?

தமிழிலேயே முகவரி வைக்கலாம், தெரியுமா? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று மூணு நாட்டுப் பின்னொட்டு தமிழ் எழுத்தில் இருக்கு. ஆனா எந்த எழுத்தில் எழுதினாலும் ஒப்பந்தம் வாடகை ஒப்பந்தம்தான்.

அதனால இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. உங்க கடை, பள்ளிக்கூடம், சபா, கிளினிக், எதுவா இருந்தாலும் மூணு விஷயம் பாருங்க. பேர் யார் பேர்ல பதிவாகி இருக்கு? எந்த ஈமெயில்? என்னைக்கு முடியுது? வெப்சைட் செஞ்சு கொடுத்த பையன் பேர்ல இருந்தா, உங்க பேருக்கு மாத்துங்க. உங்களை நம்பி அந்த முகவரியைத் தட்டுறவங்க வேற எங்கேயோ போய் நிக்கக் கூடாது.

நான் புதுப் பேர் எடுத்துட்டேன். அதுவும் டாட் இன் தான். பழைய சீட்டுக்கட்டு முழுக்க நானே பேனாவால முகவரியை அடிச்சுத் திருத்திக்கிட்டு இருக்கேன். டீச்சரம்மா அடுத்த தடவை வந்தப்போ சீட்டை வாங்கிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இதுக்கு வாடகை எது வரைக்கும் டாக்டர்?"

தேதியைச் சொன்னேன். தன் டைரியிலயும் குறிச்சுக்கிட்டாங்க.